சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுக் கிறிஸ்துமஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தாலே என்னிடம் கேள்விகள் வந்துவிடும். கல்யாணமாகிக் கிறிஸ்தவ வீட்டுக்கு வந்த மருமகள்கள் கேட்பார்கள். வெளியூரில் வேலைக்குப் போய், வாடகை வீட்டில் முதல் முறையாகக் குடில் (இயேசு பிறப்புக் காட்சி) வைக்கப் பார்க்கும் பிள்ளைகள் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்களுக்கு என்ன சொல்லி வாழ்த்துவது என்று தயங்குகிறவர்களும் கேட்பார்கள். நான் ஏற்காட்டில் கத்தோலிக்க வீட்டில் பிறந்து, சேலத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் இரண்டு பக்கத்து வழக்கமும் பழக்கம். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்துமஸ் வேலை ஒருத்தர் தலையில் மட்டும் விழக்கூடாது. வீட்டில் எல்லாரும் கை வைக்கிற வழக்கம்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கிறிஸ்துமஸுக்கு எப்போதிலிருந்து தயாராக ஆரம்பிக்க வேண்டும்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக்காலம். சி.எஸ்.ஐ.காரர்கள் அட்வென்ட் என்பார்கள். கத்தோலிக்கக் கோயிலில் சாமியார் ஊதா உடை உடுத்துவார், பீடத்தில் அலங்காரம் குறைவாக இருக்கும். நான்கு மெழுகுவர்த்தி வைத்த பச்சை வளையத்தில் வாரம் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வருவார்கள். மூன்றாவது வாரத்துக்கு மட்டும் ரோஸ் நிற மெழுகுவர்த்தி. இந்த வளையத்தை வீட்டிலும் வைக்கலாம். ஒரு தாம்பாளம், கொஞ்சம் சவுக்குக் கிளை, நான்கு மெழுகுவர்த்தி இருந்தால் போதும். ஞாயிறு இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டின் கடைக்குட்டி ஏற்றட்டும், ஒரு சின்ன ஜெபம் சொல்லட்டும். பிள்ளைகளுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று இதைவிட நன்றாகச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

அடுப்படி வேலை இதற்கும் முந்தியே தொடங்கும். கேக்குக்குப் பழம் ஊறவைப்பது நவம்பர் முதல் வாரத்திலேயே நடந்துவிட வேண்டும். துணி எடுப்பதையும் தையல்காரரிடம் கொடுப்பதையும் நவம்பருக்குள் முடியுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் எந்த டெய்லரும் ரவிக்கை வாங்கமாட்டார்.

ஸ்டார் எப்போது கட்டுவது? எப்போது இறக்குவது?

எங்கள் பக்கம் டிசம்பர் 1-ஆம் தேதி மாலை கட்டிவிடுவார்கள். குழந்தை இயேசுவைக் காணக் காணிக்கையோடு வந்த மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்து இறக்குவார்கள். அது ஜனவரி 6. இந்தியக் கத்தோலிக்கக் கோயில்களில் அதை ஒட்டி வரும் ஞாயிறன்று கொண்டாடுவார்கள். ஏற்காட்டில் பனி இறங்குவதால் காகித ஸ்டார் நமத்துத் தொங்கிவிடும். அங்கே பிளாஸ்டிக் தாள் ஸ்டார்தான் நல்லது. வயர் இணைப்பில் தண்ணீர் படாமல் டேப் சுற்றுங்கள்.

குடில் வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. 1223-ல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில், அசிசியின் பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துப் பிறப்புக் காட்சியை மக்களுக்கு முன்னால் அமைத்தார். வீட்டுக்கு வீடு குடில் வைக்கும் வழக்கத்தை அங்கிருந்துதான் சொல்வார்கள். அன்று அவர் வைத்ததெல்லாம் அந்த ஊரில் கிடைத்த பொருள்கள்தான். அதனால் நம் குடிலிலும் நம் ஊர் இருக்கட்டும்.

முதல் வேலை விதைப்பது. கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், ஓட்டை போட்ட பழைய தட்டுகளில் மண் பரப்பி, கேழ்வரகோ கோதுமையோ கடுகோ தூவி, ஈரச்சாக்கு மூடிவையுங்கள். முளை கண்டதும் சாக்கை எடுத்துவிடலாம். 24-ஆம் தேதிக்குப் பச்சைப் பசேலென்று வயல் தயார். மலையில் குளிர் என்பதால் முளைப்பு மெதுவாக இருக்கும், நாலைந்து நாள் முன்கூட்டியே விதைத்துவிடுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், தினமும் தண்ணீர் தெளிப்பதும் அவர்கள் பொறுப்பு.

பாறைக்குச் சிமெண்ட் பை காகிதத்தைக் கசக்கி, சாம்பல் நிறமும் பழுப்பும் அடித்தால் அச்சு அசலாக இருக்கும். மலைக்கு அதையே அட்டைப்பெட்டிகளின் மேல் போர்த்துங்கள். சேலத்து வீடுகளில் அந்த மலைமேல் ஒரு ரோடு போட்டு, கொண்டை ஊசி வளைவுகள் வைத்து, பொம்மை பஸ் ஒன்றை ஏற்றிவிடுகிற பிள்ளைகள் உண்டு. பெத்லகேமில் பஸ் எது என்று பெரியவர்கள் கேட்கக்கூடாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பார்த்து வளர்கிற பிள்ளை வேறு எந்த மலையைச் செய்யும்? நெசவுக்காரர் வீட்டுக் குடிலில் குட்டித் தறி இருக்கலாம். கிணறு, களத்துமேடு, காப்பிச் செடி, எல்லாம் வரலாம்.

ஒரு வேண்டுகோள். பாறையிலும் மரத்திலும் படர்ந்திருக்கும் பாசியைக் கூடை கூடையாகச் சுரண்டி எடுத்துவராதீர்கள். அது மறுபடி படர வருடக்கணக்காகும். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்தால் தூரத்திலிருந்து பார்க்கப் பாசி மாதிரியே தெரியும்.

குழந்தை இயேசு சொரூபத்தை 24-ஆம் தேதி நள்ளிரவு வரை வைக்கக்கூடாது, தொட்டில் காலியாகவே இருக்க வேண்டும். பூசை முடிந்து வந்து வீட்டின் கடைக்குட்டி கையால் வைப்பது எங்கள் வழக்கம். மூன்று ராஜாக்களை அறையின் இன்னொரு மூலையிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அவர்கள் திருவிழாவன்று குடிலுக்குக் கொண்டுசேர்ப்போம். நற்செய்தியில் அவர்கள் மூன்று பேர் என்று எண்ணிக்கை கிடையாது. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது.

சி.எஸ்.ஐ. வீடுகளில் குடில் வைக்காதவர்களும் உண்டு. மாமியார் வீட்டில் வழக்கமில்லை என்றால் முதல் வருடமே வாதாட வேண்டாம். பிள்ளை பிறந்து அது ஒரு குடில் கேட்கும்போது தாத்தாவே அட்டைப்பெட்டி தேடிக்கொண்டு வருவார்.

கிறிஸ்துமஸ் மரம் உண்மையான மரமாக இருக்க வேண்டுமா?

தேவையில்லை. மரம் நம் வீடுகளுக்குப் பிந்தி வந்த வழக்கம். ஐரோப்பாவிலேயே அது பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். சமவெளியில் சவுக்குக் கிளையும், ஏற்காட்டில் சில்வர் ஓக் அல்லது சைப்ரஸ் கிளையும் வாளி மண்ணில் நட்டுவைப்பார்கள். எஸ்டேட்டில் நிழல் மரம் கழிக்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் கிளை கிடைக்கும். காட்டுக்குள் போய் வெட்டுவது குற்றம். தொட்டியில் இருக்கும் குரோட்டன்ஸ் செடிக்கே விளக்கு சுற்றினாலும் அழகுதான்.

கேக்கில் ரம் கட்டாயமா? ஓவன் இல்லாமல் செய்ய முடியுமா?

ரம் வாசனைக்கு மட்டும் போடுவதில்லை. காய்ந்த பழம் அதில் ஊறி உப்பிக்கொள்வதால் கேக்கின் ஈரத்தை உறிஞ்சாது. பூசணமும் பிடிக்காது. அதனால்தான் ஒரு மாதம் வெளியிலேயே வைத்தாலும் கெடுவதில்லை. ரம் வேண்டாம் என்கிறவர்கள் ஆரஞ்சுச் சாற்றில் பழங்களைப் போட்டு மிதமான தீயில் சாறு வற்றும்வரை கொதிக்கவைத்து ஆறவைத்தால் அன்றைக்கே பயன்படுத்தலாம். சாற்றில் ஊறியதை வாரக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள், புளித்துவிடும்.

எங்கள் வீட்டு அளவு: மைதா 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஊறிய பழம் 400 கிராம். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வறுத்துப் பொடித்தது ஒரு டீஸ்பூன். நிறத்துக்கு 100 கிராம் சர்க்கரையை அடிகனமான பாத்திரத்தில் கருஞ்சிவப்பாகக் கருக்கி, அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கரையவிட வேண்டும். அது சீறித் தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். முழுக்க ஆறிய பிறகே மாவில் ஊற்ற வேண்டும். பழத்தை ஒரு கை மைதாவில் புரட்டிக் கடைசியில் சேர்ப்பது அடியில் தங்காமல் இருக்க.

ஓவனில் 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். ஓவன் இல்லையென்றால் பழைய குக்கரின் அடியில் மணலோ கல் உப்போ பரப்பி, ரப்பரும் விசிலும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கிப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். சின்னத் தீயில் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும். ஈர்க்குச்சி குத்தி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. அடிக்கடி திறந்து பார்த்தால் நடுவில் குழி விழும்.

சரி, இவ்வளவு வேண்டாம், பேக்கரியில் வாங்கலாமா? தாராளமாக. நான்கு ரோடு, அஸ்தம்பட்டி பக்கம் டிசம்பர் முழுக்க பிளம் கேக் அடுக்கியிருக்கும். கேக்கை வாங்கிக்கொண்டு, பலகாரத்தை வீட்டில் சுடுவதுதான் என் சிபாரிசு. கேக் ஒருத்தர் கலக்கி வைத்துவிடுகிற வேலை. முறுக்குச் சுட நாலு பேர் வேண்டும்.

என்னென்ன பலகாரம்? எந்த வரிசையில் சுடுவது?

முறுக்கு, அதிரசம், சோமாசி, அச்சு முறுக்கு, கலகலா. இவ்வளவும் செய்தால் பெரிய வீடு. மூன்று செய்தால் போதும். காரத்தை முதலில் சுட்டுவிடுங்கள், இனிப்பு பிறகு. வெல்லம் பட்ட எண்ணெய் கறுத்துவிடும், அதில் முறுக்கு போட்டால் நிறம் கெடும்.

அதிரசத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெல்லம் வாங்கலாம். ஓமலூர் பக்கத்து ஆலைகளிலிருந்து வெல்லம் அங்கேதான் மண்டிக்கு வரும். வெளுத்துப் பளபளவென்று இருப்பதைவிடக் கொஞ்சம் கறுத்த வெல்லத்தை எடுங்கள். சர்க்கரை கலந்த வெல்லத்தில் பாகு சட்டென்று முறுகி, அதிரசம் கல்லாகிவிடும். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டாத ஈரத்தில் அரைத்துச் சலியுங்கள். பாகைத் தண்ணீரில் சொட்டினால் கரையாமல் மெத்தென்று உருட்ட வர வேண்டும், அதுதான் பதம். ஏலக்காய், சுக்கு தட்டிப்போட்டு மாவைக் கிளறி, இரண்டு நாள் மூடிவைத்துவிட்டுத் தட்டிச் சுடுங்கள்.

பலகாரம் சுடும் நாளை முன்கூட்டியே சொல்லிவைத்து, அக்கா, நாத்தனார், சித்தி என்று ஒரு வீட்டில் கூடிச் செய்வதுதான் பழைய முறை. ஒருத்தர் பிழிய, ஒருத்தர் வேகவைத்து எடுக்க, ஒருத்தர் எண்ணெய் வடிக்க, பாட்டி உட்கார்ந்து உடைந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க. ஆண்கள் எண்ணெய்ச் சட்டி பக்கம் வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முறுக்கு அழுத்துவதற்குக் கைப்பலம் வேண்டும், தம்பிமார்களைக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்குத் தட்டு கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பலர் தயங்குவது இதில்தான். டிசம்பரில் பாதித் தெரு மாலை போட்டிருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள், மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்தியவர்கள் இருப்பார்கள். 16, 17 தேதி வாக்கில் மார்கழியும் பிறந்துவிடும். விரதமிருக்கும் வீட்டுக்கு முட்டை சேர்ந்த கேக் கொடுத்துச் சங்கடப்படுத்தக் கூடாது. அந்த வீடுகளுக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, பாக்கெட் பிரிக்காத பேரீச்சம்பழம் கொடுங்கள். விரதச் சமையல் தனியாகச் செய்கிறவர்கள் நம் வீட்டுப் பலகாரத்தையும் தொடாமல் இருக்கலாம். அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் நோன்புக்கு நாம் தரும் மரியாதை அது. மாலை கழற்றிய பிறகு கூப்பிட்டுச் சாப்பாடே போடலாம்.

முஸ்லிம் வீடுகளுக்கு ரம் சேர்ந்த கேக் கொடுக்கவே கூடாது. சாற்றில் ஊறிய பழம் போட்டதைத் தனியாகச் சுட்டுக் கொடுங்கள், கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அச்சு முறுக்கு மாவிலும் பலர் முட்டை சேர்ப்பார்கள், சைவ வீட்டுத் தட்டில் அதையும் தவிருங்கள்.

தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு வந்திருக்கும். ரம்ஜானுக்குக் கஞ்சியோ பிரியாணியோ வந்திருக்கும். நம் வீட்டுத் தட்டு போகாமல் கிறிஸ்துமஸ் முடிந்ததாக நான் நினைப்பதில்லை. பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். எந்த வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினால் தெருவையே அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

வாழ்த்து எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு: "கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்" போதும். கூடவே வீட்டுக்குள் வந்து குடிலை ஒரு நிமிடம் பாருங்கள், அந்த வீட்டுப் பிள்ளை ஒரு வருடத்துக்கு மறக்காது.

கேரல் பவனி வீட்டுக்கு வரும்போது என்ன செய்ய வேண்டும்?

வாசல் விளக்கைப் போட்டு, கோலம் இட்டு, குடும்பமாக வாசலில் நின்று வரவேற்கலாம். பாட்டு, ஒரு வேதவசனம், ஜெபம், பிறகு கிறிஸ்துமஸ் தாத்தா பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். காணிக்கைக் கவரைத் தயாராக வையுங்கள். ஏதாவது குடிக்கக் கொடுத்தால் பாடகர்களுக்குத் தொண்டை பிழைக்கும். ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஜீப்பில் ஏறிப் போகும் குழுவுக்குச் சுக்குக் காப்பியைவிட வேறு எதுவும் ஈடில்லை.

பாட்டுக்குழுவினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடக்கும் வாரங்கள் இவை. இரவு பத்துக்கு மேல் டிரம்ஸ் வேண்டாம். கிதாரும் குரலும் இருந்தால் பாட்டு கேட்கும்.

கிறிஸ்தவ வீட்டில் கோலம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். போடலாம், ஸ்டாரும் மெழுகுவர்த்தியும் வரைந்து எத்தனையோ வீடுகளில் போடுகிறார்கள். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி 1623-ல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தபோது காவி உடுத்தித் தமிழ்த் துறவி போலவே வாழ்ந்தவர். தமிழ் வழக்கத்தோடு விசுவாசத்தைக் கொண்டுபோவது இந்த மண்ணில் நாலு நூற்றாண்டுப் பழக்கம்.

நள்ளிரவுப் பூசைக்குச் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். 24-ஆம் தேதி மத்தியானம் கட்டாயம் தூங்கவையுங்கள். சேலத்தில் நான்கு ரோடு பக்கம் இருக்கும் குழந்தை இயேசு பேராலயம், 1930-ல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். கூட்டம் அலைமோதும். கைக்குழந்தை இருந்தால் காலைப் பூசைக்குப் போங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பெரும்பாலும் விடியற்காலை ஆராதனை. இரண்டு சபையும் கலந்த எங்கள் வீடு மாதிரி இருந்தால் ராத்திரி ஒன்று, விடியலில் ஒன்று என்று இரண்டுக்கும் போகலாம். தூக்கத்தை 26-ஆம் தேதி பார்த்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸுக்கு ஏற்காடு போகலாமா?

போங்கள், ஆனால் நள்ளிரவுப் பூசை முடிந்த கையோடு வண்டியில் கீழே இறங்காதீர்கள். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், பனி மூடினால் முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாது. குப்பனூர் வழியும் மலைப்பாதைதான். தங்கிவிட்டு, வெயில் வந்த பிறகு இறங்குங்கள். 1,500 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் இல்லாமல் போக வேண்டாம்.

மலையில் கிறிஸ்துமஸ் காப்பிப் பழம் பறிக்கும் நடுவில் வரும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து டிசம்பர் மலைக்கு வேலை மாதம். அரபிகா நவம்பரில் பழுக்கத் தொடங்கி ஜனவரி வரை போகும். பழுத்த பழம் பண்டிகைக்காகக் காத்திருக்காது. என் அம்மா 24-ஆம் தேதி சாயங்காலம் வரை தோட்டத்தில் பறித்துவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவார். அதனால் மலை வீடுகளில் பலகாரம் ராத்திரியில் சுடுவார்கள், ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாரும் உட்காருவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் சிவந்திருக்கும் காப்பிச் செடியின் பக்கத்தில் நின்று படம் எடுங்கள், பழத்தைப் பறித்துவிடாதீர்கள். அது ஒருத்தருடைய கூலி.

பரிசு எல்லாருக்கும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்வது?

புதுத்துணி மட்டும் எல்லாருக்கும். மற்றதற்குச் சீட்டுக் குலுக்குங்கள். ஹாஸ்டல்களில் கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட் என்று விளையாடுவது இதுதான். டிசம்பர் முதல் ஞாயிறு சீட்டெடுத்து, யாருக்கு யார் என்று சொல்லாமல், அவருக்காக ஜெபித்து, ரகசியமாகச் சின்ன உதவிகள் செய்து, 25-ஆம் தேதி ஒரே ஒரு பரிசு. உச்சவரம்பை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தலை கிறிஸ்துமஸுக்கு என்ன செய்முறை?

தலை தீபாவளி மாதிரியே. பெண் வீட்டார் வந்து அழைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் துணி, வசதியிருந்தால் சேலத்து வெள்ளிக் கொலுசு. மருமகன் வேறு மதத்தவர் என்றால் அவரைக் கோயிலுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து எப்போது எழுந்து நிற்பது என்று மெதுவாகச் சொல்லுங்கள். நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்கும் வரிசையைப் பற்றி முன்கூட்டியே விளக்கிவிட்டால் அவர் அங்கே திகைத்து நிற்க நேராது.

இந்த வருடம் வீட்டில் துக்கம். கிறிஸ்துமஸ் வைக்கலாமா?

பல குடும்பங்களில் முதல் வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், ஸ்டார் கட்டமாட்டார்கள். உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வழக்கத்தில் அன்பு இருக்கிறது. துக்க வீட்டுக்கு வேலை வைக்காமல் சுற்றியிருப்பவர்கள் தூக்கிக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் குடிலை மட்டுமாவது வையுங்கள். இறந்தவர் கைப்படச் செய்த ஏதாவது, பழைய மாட்டுத்தொழுவமோ அவர் ஒட்டிய ஸ்டாரோ இருந்தால் அதை அதில் வையுங்கள். பூசை முடிந்து கல்லறைக்குப் போய்ப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாருங்கள். அழுகை வந்தால் வரட்டும். "பண்டிகை நாளில் அழாதே" என்று யாரையும் அடக்காதீர்கள்.

மத்தியானச் சாப்பாடு?

மட்டன் பிரியாணி, அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. கறியை முந்தின நாளே சொல்லிவைத்துவிடுங்கள். பாயசத்துக்கு நம்மூர் ஜவ்வரிசி. தனியாக இருக்கும் வயதானவர் யாராவது தெருவில் இருந்தால் அவருக்கும் சேர்த்து இலை போடுங்கள்.

எல்லாம் எப்போது முடியும்? குடிலை எப்படி எடுத்துவைப்பது?

டிசம்பர் 31 நள்ளிரவு நன்றி வழிபாடு, புத்தாண்டு, மூன்று ராஜாக்கள். அதோடு குடிலைப் பிரித்துவிடலாம், அடுத்த வாரம் பொங்கலுக்கு வீடு கழுவ வேண்டும். சொரூபங்களை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வெள்ளைச் சொரூபத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டின் கால், ஒட்டகத்தின் கழுத்து உடைந்திருந்தால் இப்போதே ஒட்டிவிடுங்கள். விளக்குச் சரத்தை ஒரு அட்டையில் சுற்றி, எரிகிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள். முளைத்த கேழ்வரகுப் பயிரைத் தெருவில் வரும் மாட்டுக்கோ ஆட்டுக்கோ போட்டுவிடலாம், பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.